டான்பா மலைக்கிராமங்கள்: திபெத்தியர் வீட்டில் தங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திபெத்தியக் கிராமம் பார்க்க வேண்டும் என்பவர்களில் பெரும்பாலோர் லாசாவை மனதில் வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். லாசா ஒரு நகரம். மலைச்சரிவில் கல்வீடு, சுற்றிலும் சோளக்கொல்லை, அடுப்படியில் உட்காரவைத்துத் தேநீர் ஊற்றும் வீட்டுக்காரம்மா, இதெல்லாம் வேண்டுமென்றால் சிச்சுவான் மாநிலத்தின் மேற்கே உள்ள டான்பாவுக்குப் போங்கள் என்பதே என் பதில். முதல் தடவை போகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான வாசல் எனக்குத் தெரியவில்லை. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் டான்பாவைப் பற்றியவை. கடைசியில் வேறு சில கிராமங்களும் வருகின்றன.

சிச்சுவானில் எப்படித் திபெத்தியக் கிராமம் இருக்கும்?

வரைபடத்தில் திபெத் என்று எழுதியிருக்கும் பகுதியைவிடத் திபெத்தியர் வாழும் நிலம் மிகப் பெரியது. பழைய பிரிவுப்படி அது ஊ-சாங், காம், அம்தோ என்று மூன்று பெருநிலங்கள். லாசா இருப்பது ஊ-சாங்கில். காம் நிலத்தின் கிழக்குப் பகுதி இன்று சிச்சுவானுக்குள் கார்சே திபெத்தியத் தன்னாட்சி மாவட்டமாக இருக்கிறது. அந்த ஒரு மாவட்டமே பரப்பளவில் தமிழ்நாட்டைவிடப் பெரியது. சீனாவில் உள்ள திபெத்தியரில் பாதிக்கு மேற்பட்டோர், திபெத் தன்னாட்சிப் பகுதி என்று இன்று அழைக்கப்படும் எல்லைக்கு வெளியேதான் வாழ்கிறார்கள்.

டான்பா, கார்சேயின் கிழக்கு ஓரத்தில் உள்ள வட்டம். திபெத்தியர் அதை ரோங்டிராக் என்பார்கள். பெரிய பொன்னாறு, சின்னப் பொன்னாறு என்று பெயர் கொண்ட இரண்டு ஆறுகள் இங்கே கலந்து டாடு ஆறாகின்றன. அந்த டாடுதான் கீழே இறங்கி லேஷானில் 71 மீட்டர் உயரப் புத்தர் சிலையின் காலடியில் மின் என்னும் ஆற்றோடு சேர்கிறது. இங்கு வாழ்பவர்களில் பெரும்பகுதியினர் கியாரோங் மக்கள். அரசுக் கணக்கில் திபெத்தியர், வழிபாட்டிலும் வாழ்க்கை முறையிலும் திபெத்தியர். பேசும் மொழி மட்டும் தனி. லாசாக்காரருக்கு அது புரியாது.

சிறப்பு அனுமதி வேண்டுமா? விசா?

திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் போகும் வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி, பதிவு பெற்ற பயண நிறுவனம், வழிகாட்டி மூன்றும் கட்டாயம். அங்கே தனியாகச் சுற்ற முடியாது. கார்சே மாவட்டத்துக்கு அந்த அனுமதி தேவையில்லை. டான்பாவுக்கு நீங்களே டிக்கெட் எடுத்துக்கொண்டு போகலாம், விரும்பும் வீட்டில் தங்கலாம். ஆனால் கார்சே முழுவதும் திறந்திருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். லாருங் கார் மடாலயம் உள்ள செர்தார் பல ஆண்டுகளாக வெளிநாட்டவருக்கு மூடப்பட்டிருக்கிறது.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சீன விசா வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்கள் 2024 பிப்ரவரியிலிருந்தும் மலேசியக் குடிமக்கள் 2025 ஜூலையிலிருந்தும் பரஸ்பர ஒப்பந்தப்படி 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். இந்த விதிகள் மாறக்கூடியவை. பயணத்துக்கு முன் தூதரக அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொரு விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். சீனாவில் எங்கு தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவு நடக்க வேண்டும். விடுதிகள் இதைத் தாமாகவே செய்துவிடும். கிராமத்து ஹோம்ஸ்டேக்களில் சிலருக்கு வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் பழக்கம் இருக்காது. அறை பிடிக்கும்போதே "எங்களிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறது, பதிவு செய்வீர்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது. கேட்காமல் இரவு எட்டு மணிக்கு வாசலில் போய் நின்றால், தவிப்பு உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும்தான்.

உயரத்தில் மூச்சு திணறுமா?

டான்பாவை நான் முதலில் சொல்வதற்கு இதுதான் காரணம். லாசா 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து விமானத்தில் போய் இறங்குகிறவர்களில் பலர் முதல் இரண்டு நாளைத் தலைவலியோடு படுக்கையில் கழிக்கிறார்கள். டான்பா நகரம் 2,000 மீட்டருக்குச் சற்றுக் கீழே. கிராமங்கள் அதற்குச் சில நூறு மீட்டர் மேலே. ஊட்டியில் நன்றாக இருந்தவர்கள் இங்கேயும் நன்றாகவே இருப்பார்கள்.

ஆபத்து டான்பாவில் இல்லை, டான்பாவுக்கு அடுத்தபடியில் இருக்கிறது. அங்கிருந்து தாகோங் புல்வெளிக்குப் போனால் ஒரே நாளில் 3,700 மீட்டருக்கு ஏறிவிடுவீர்கள். லிதாங் நகரம் ஏறத்தாழ 4,000. காங்டிங் நகரிலிருந்து மேற்கே போகும் சாலை கடக்கும் செடுவோ கணவாய் 4,298 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், ஒவ்வோர் இரவும் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் தூங்காமல் பார்த்துக்கொள்வது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. டான்பாவில் இரண்டு மூன்று இரவு தங்குவது உடலுக்கு நல்ல பயிற்சிதான். ஆனாலும் அங்கிருந்து தாகோங் பெரிய ஏற்றம். அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் கேட்காமல் ஏறவே கூடாது. ஓய்வெடுத்தும் குறையாத தலைவலி, தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் இரவானாலும் கீழே இறங்குங்கள். இறங்குவதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

எப்படிப் போய்ச் சேர்வது?

முதலில் சிச்சுவானின் தலைநகர் செங்டு. சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங் வழியாக மாறிப் போகலாம். செங்டுவில் ஷுவாங்லியு, தியான்ஃபு என்று இரண்டு விமான நிலையங்கள் இருக்கின்றன. இரண்டும் வெகு தொலைவு தள்ளி இருப்பவை. எதில் இறங்குகிறீர்கள் என்று பார்த்து வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

செங்டுவிலிருந்து இரண்டு பாதைகள். வடக்குப் பாதை பாலாங் மலையைச் சுரங்கம் வழியாகக் கடந்து, நான்கு சகோதரிகள் மலையின் அடிவாரமாக, சியாவ்ஜின் வழியே வருகிறது. அந்த மலையின் மிக உயர்ந்த சிகரம் 6,250 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால் சாலையிலிருந்தே தெரியும். தெற்குப் பாதை யாஆன், லூடிங், காங்டிங் பக்கமாக விரைவுச் சாலையில் வருகிறது. லூடிங்கில் 1706-இல் கட்டி முடிக்கப்பட்ட இரும்புச் சங்கிலிப் பாலத்தை இறங்கிப் பார்க்கலாம். எந்தப் பாதையானாலும் 6 முதல் 8 மணி நேரம் ஆகும். பஸ் டிக்கெட்டுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். நான்கு பேராகப் போனால் வண்டி பேசிக்கொள்வது நல்லது. வழியில் நிறுத்தச் சொல்லத் தோன்றும் இடங்கள் ஏராளம்.

ஜியாஜு, ஜோங்லு, சுவோபோ: எங்கே தங்குவது?

மூன்றும் டான்பாவின் கிராமங்கள். அவற்றில் ஜியாஜு பெயர் பெற்றது. 2005-இல் சீனத் தேசியப் புவியியல் இதழ் நடத்திய தேர்வில், நாட்டின் மிக அழகான கிராமங்களில் டான்பாவின் திபெத்தியக் கிராமங்கள் முதலிடம் பெற்றன. படங்களில் வந்தது ஜியாஜு. அன்றிலிருந்து கூட்டம் குறையவில்லை. நுழைவுச்சீட்டு உண்டு. நகரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர்தான் என்பதால் காலையில் வந்து மதியம் போகிறவர்கள் அதிகம். அழகில் எந்தக் குறையும் இல்லை. எதிர்ச்சரிவில் நின்று பார்த்தால் நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளை வீடுகள் பேரிக்காய் மரங்களுக்கும் வாதுமைக்கொட்டை (அக்ரூட்) மரங்களுக்கும் நடுவே மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். தெரு என்று ஒன்றும் இல்லை. அவரவர் வீடு அவரவர் வயலில்.

ஜோங்லு ஆற்றுக்கு வெகு மேலே, அகன்ற சரிவில் இருக்கிறது. கூட்டம் குறைவு. வயல் வேலை கண்முன்னே நடக்கும். வீடுகளுக்கு இடையே பழைய கோபுரங்கள் நிற்கும். எதிரே முர்தோ என்னும் புனித மலை. சுவோபோ கோபுரங்களுக்கென்றே போக வேண்டிய ஊர்.

ஜோங்லுவில் இரண்டு இரவாவது தங்கி, ஜியாஜுவையும் சுவோபோவையும் பகலில் போய்ப் பார்த்து வாருங்கள். ஒரே நாளில் மூன்றையும் முடிக்கும் சுற்றுலாவை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பகல் வெளிச்சத்தில் இந்தக் கிராமங்களில் முக்கால்வாசி ஆட்கள் வயலில் இருக்கிறார்கள். மாலையில் மாடுகள் திரும்பி, கூரைகளில் புகை எழுந்த பிறகுதான் ஊர் வீட்டுக்கு வருகிறது. அந்த நேரத்தில் நீங்கள் நகரத்துக்குத் திரும்பும் வேனில் இருந்தால், பார்த்தது வீடுகளை மட்டும்தான்.

வீடுகளில் என்ன கவனிக்க வேண்டும்?

கீழிருந்து மேலாகப் பாருங்கள். கீழ்த்தளம் மாட்டுக்கும் பன்றிக்கும் உரியது. இப்போது பல வீடுகளில் அது சரக்கறையாகவோ விருந்தினர் அறையாகவோ மாறியிருக்கிறது. ஆனாலும் தாழ்ந்த கதவும் சிறு துளைச் சாளரமும் பழைய பயனைச் சொல்லிவிடும். அதற்கு மேல் சமையலறை, அதுவே வீட்டின் நடுக்கூடம். நடுவில் அடுப்பும் அதன்மேல் மூன்று கால் இரும்புத் தாங்கியும். அதற்கு மேல் படுக்கையறைகளும் திறந்த மொட்டைமாடியும். இலையுதிர் காலத்தில் அந்த மாடி முழுக்கச் சோளக்கதிர் மஞ்சளாகக் காயும். ஓரத்தில் மிளகாய்ச் சரம் தொங்கும். எல்லாவற்றுக்கும் மேலே பூசை அறை. தெய்வத்துக்கு மேல் யாரும் நடமாடக்கூடாது என்பதால் அது எப்போதும் உச்சியில்தான்.

கூரையின் நான்கு மூலைகளும் கொம்புபோல் உயர்ந்திருக்கும், உச்சியில் வெள்ளைக் கல் வைத்திருப்பார்கள். இந்த மலைகளில் வெண்கல் வழிபாடு பௌத்தத்துக்கும் முந்தியது. காலையில் வீட்டில் ஒருவர் மாடியேறி, சிறு புகைக்குழியில் ஊசியிலை மரத் தழையைப் போட்டுப் புகை எழுப்புவார். அந்த மணம் படுக்கையிலேயே உங்களை எழுப்பிவிடும்.

சுவர் கல்லும் மண்சாந்தும். வரைபடம் இல்லாமல் கண்ணளவிலேயே எழுப்பும் கொத்தனார்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். சுவர் மேலே போகப்போக உட்புறம் சாய்ந்து மெலியும். ஒரு பெரிய கல்லைச் சுற்றிலும் சில்லுக் கற்களைச் செருகி இறுக்கியிருப்பதை அருகில் போய்ப் பாருங்கள். அந்தச் சில்லுகள்தான் நிலநடுக்கத்தில் சுவரைப் பிடித்து நிறுத்துகின்றன என்று ஊரார் சொல்வார்கள். கூரைக்குக் கீழே வெள்ளை, கறுப்பு, சிவப்புப் பட்டைகள். புத்தாண்டுக்கு முன் வெள்ளை மண்ணைக் கரைத்துச் சுவருக்குப் பூசுவார்கள். பழைய வீடுகளில் மாடிக்கு ஏற ஒரே மரத்தில் படி வெட்டிய ஏணி இருக்கும். கைப்பிடி கிடையாது. இறங்கும்போது முகத்தை ஏணிப்பக்கம் திருப்பிக்கொண்டு இறங்குங்கள்.

அந்தக் கல்கோபுரங்கள் எதற்குக் கட்டப்பட்டவை?

முழுமையான பதில் யாரிடமும் இல்லை, அதுவே அவற்றின் கவர்ச்சி. நான்கு மூலைக் கோபுரங்கள்தான் அதிகம். ஆனால் ஐந்து, எட்டு மூலைகள் கொண்டவையும் உண்டு, சுவோபோவில் 13 மூலைகள் கொண்ட ஒன்று நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் நட்சத்திரம்போல் இருக்கும். சில 30 மீட்டரைத் தாண்டும். கதவு தரையில் இருக்காது, பல மீட்டர் உயரத்தில் இருக்கும். ஏணி வைத்து ஏறி, ஏணியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். காவலுக்கு, தானியம் காக்க, குடும்பப் பெருமைக்கு என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். மகன் பிறந்தால் அடித்தளம் போட்டு ஆண்டுக்கு ஓர் அடுக்காக உயர்த்துவார்கள், கோபுரம் இல்லாத வீட்டுப் பையனுக்குப் பெண் கிடைக்காது என்று ஒரு கதையும் அங்கே உண்டு.

போரில் அவை என்ன செய்தன என்பதற்குச் சான்று இருக்கிறது. சீனாவின் சிங் வம்சப் பேரரசர் சியான்லோங் இந்தப் பள்ளத்தாக்குகளை அடக்க இரண்டு முறை படை அனுப்பினார்: 1747 முதல் 1749 வரை ஒருமுறை, 1771 முதல் 1776 வரை மறுமுறை. சிறிய மலைத்தலைவர்களுக்கு எதிரான அந்தப் போர்கள், அவர் ஆட்சியின் மிகச் செலவான போர்களில் சேர்ந்துவிட்டன. பீரங்கி ஏற்றுவது கடினமான சரிவில், ஒரு கோபுரத்தைப் பிடிக்கவே நாள்கணக்கில் உயிர் போனது. முதல் போரின்போதே பேரரசர் பெய்ஜிங்கை ஒட்டிய நறுமணக் குன்றுகளில் இதேபோன்ற கற்கோபுரங்களைக் கட்டவைத்து, ஏணி வைத்து ஏறும் தனிப்படைக்குப் பயிற்சி கொடுத்தார். அவற்றில் சில இன்றும் அங்கே நிற்கின்றன. சுவோபோவில் டாடு ஆற்றின் எதிர்க்கரையிலிருந்து அந்தக் கோபுர வரிசையைப் பார்க்கும்போது இந்த வரலாறு தெரிந்திருந்தால், கண்ணுக்குத் தெரிவது வேறு காட்சி.

கோபுரங்களும் கிராமங்களும் 2013 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. சிலவற்றில் காசு கொடுத்து ஏற விடுகிறார்கள். பாழடைந்ததன் உள்ளே மட்டும் தனியாக நுழையாதீர்கள். உள்மரம் உளுத்திருக்கும்.

எந்த மாதம் நல்லது?

மார்ச் கடைசியில் பேரிக்காய் மரங்கள் பூத்து, சரிவே வெளுத்துவிடும். அக்டோபர் பிற்பகுதி முதல் நவம்பர் நடு வரை இலைகள் பொன்னிறமாகும், வானம் தெளிவாகும், அறுவடையும் நடக்கும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது. அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய விடுமுறை. அந்த நாட்களில் சாலை, அறை, கிராமம் எல்லாமே நிரம்பி வழியும். தவிர்த்துவிடுங்கள்.

ஜூன் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை மழைக்காலம். பள்ளத்தாக்கு குறுகல், சரிவு செங்குத்து என்பதால் மண்சரிவு வெறும் அச்சமல்ல. 2020 ஜூனில் டான்பாவின் பான்ஷான்மென் பகுதியில் ஏற்பட்ட சகதிவெள்ளம் சாலையை அடித்துப்போய், ஆயிரக்கணக்கானோர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வேறு மாதத்தில் விடுமுறை கிடைக்காமல் ஜூலையில் போகிறவர்கள், திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வெயில் இதமாக இருக்கும், இரவு கடுங்குளிர். கியாரோங் புத்தாண்டு லாசாவின் லோசாருக்கு முன்பே, குளிர்காலத்தின் நடுவில் வந்துவிடும்.

வீட்டில் தங்கும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

அடுப்பிலிருந்து தொடங்குங்கள். திபெத்தியர் வீட்டில் அடுப்பு தெய்வம் குடியிருக்கும் இடம். அதைத் தாண்டக்கூடாது, அதன் பக்கம் கால் நீட்டக்கூடாது, குப்பையோ காகிதமோ அதில் போடக்கூடாது. மூன்று கால் இரும்பின்மேல் ஈரத்துணி காயவைப்பதும் தவறு. இது நமக்கு ஒன்றும் புதிதல்ல. உலக்கையைத் தாண்டாதே, வாசற்படியில் உட்காராதே என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கேயும் வாசற்படியை மிதிக்காமல் தாண்டித்தான் நுழைய வேண்டும்.

வீட்டார் காட்டும் இடத்தில் உட்காருங்கள். அடுப்பை ஒட்டிய ஒரு பக்கம் பெரியவர்களுக்கு என்று இருக்கும். கழுத்தில் போடும் வெள்ளைத் துண்டான கதாவை நீட்டினால் சற்றுக் குனிந்து, இரு கைகளாலும் வாங்குங்கள். எதையும் கொடுப்பதும் வாங்குவதும் இரு கைகளால். பூசை அறைக்கு அழைத்தால் மட்டும் போங்கள். தொப்பியைக் கழற்றுங்கள். ஏடுகளைத் தொடாதீர்கள்.

வெளியே ஸ்தூபியையும் மந்திரம் செதுக்கிய கற்களின் குவியலையும் வலமாகச் சுற்றுவது பௌத்தர் வழக்கம். ஆனால் டான்பாவில் போன் (Bon) என்னும் பழைய திபெத்தியச் சமயத்துக்கும் வேர் உண்டு. முர்தோ மலையைப் போன் மரபினரும் போற்றுகிறார்கள். போன் மரபில் இடமாகச் சுற்றுவார்கள். அதனால் எந்தப் பக்கம் போவது என்று குழம்பினால், முன்னே நடக்கும் பாட்டியைப் பின்தொடருங்கள். வேண்டுதல் கொடிகளையும் மந்திரக்கற்களையும் நினைவுப்பொருளாக எடுத்துவர வேண்டாம். அது பிறருடைய வேண்டுதல்.

இரவில் வெளியே போவதென்றால் கையில் விளக்கு வேண்டும். பகலில் கட்டியிருக்கும் நாய்களை இரவில் அவிழ்த்துவிடும் வீடுகள் உண்டு.

வெண்ணெய்த் தேநீர் பிடிக்காவிட்டால்?

உப்பும் வெண்ணெயும் கலந்து கடைந்த தேநீர். தேநீர் என்று நினைத்துக் குடித்தால் முதல் வாய் திகைக்கவைக்கும். ரசம் என்று நினைத்துக் குடித்தால் இறங்கிவிடும், குளிரில் இரண்டாவது கிண்ணம் கேட்கவும் தோன்றும். கிண்ணம் காலியானால் உடனே நிரப்புவார்கள். போதும் என்றால் நிறைந்த கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, கிளம்பும் முன் ஒரு வாய் குடியுங்கள். சாம்பா என்பது வறுத்த வாற்கோதுமை மாவு. அதே தேநீரை விட்டுக் கையாலேயே பிசைந்து உருண்டையாக்கிச் சாப்பிடுவார்கள். கையால் சாப்பிடத் தெரிந்த நம்மவர்கள் அடுப்படியில் உடனே நண்பர்களாகிவிடுவது இதில்தான்.

விழா நாளில் சாடியிலிருந்து நீண்ட குழல் வழியாக உறிஞ்சும் வாற்கோதுமைச் சாராயம் வரும். குடிக்காதவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தபடி மறுக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும், முன்கூட்டியே சொன்னால். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, பூசணி, பீன்ஸ், தக்காளி, தோஃபு, சோள அடை எல்லாம் கிடைக்கும். சிக்கல் எண்ணெயில் இருக்கிறது. டான்பா வீடுகளில் உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை உத்தரத்தில் தொங்கும். பன்றிக்கொழுப்பில் காய் வதக்குவது அங்கே இயல்பு. "இறைச்சி வேண்டாம்" என்றால் கொழுப்பு அந்தக் கணக்கில் வராது. இறைச்சி, மீன், பன்றிக்கொழுப்பு, இறைச்சிச் சாறு நான்கையும் பெயர் சொல்லி, சீன எழுத்தில் எழுதிய சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோவது நல்லது. அதை வீட்டாருக்கும் வைத்துப் பாருங்கள். சிச்சுவான்காரர்களுக்குக் காரம் ஒரு பொருட்டே இல்லை.

மொழி தெரியாமல் எப்படி?

ஆங்கிலம் அநேகமாக யாருக்கும் தெரியாது. இளையவர்கள் சீனம் பேசுவார்கள், பெரியவர்கள் தங்களுக்குள் கியாரோங் அல்லது அடுத்த பள்ளத்தாக்கின் மொழி. கைப்பேசியில் இணையம் இல்லாமலும் இயங்கும் மொழிபெயர்ப்புச் செயலியைச் சீனத்துக்குப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். "தாஷி தெலெக்" என்ற வணக்கம் எல்லாத் திபெத்தியருக்கும் புரியும்.

மக்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு எடுக்கலாம். டான்பாவை "அழகிகளின் பள்ளத்தாக்கு" என்று விளம்பரப்படுத்திவைத்திருக்கிறார்கள். அதனால் தலையில் மடித்துவைத்த பூவேலைத் துணியும் கறுப்புப் போர்வையுமாக வயலுக்குப் போகும் பெண்ணைத் துரத்தித் துரத்திப் படமெடுப்பதைத் தங்கள் உரிமையாக நினைக்கிறவர்கள் வருகிறார்கள். எனக்கு அதைக் கண்டால் கோபம் வருகிறது. நம் ஊரில் நாற்று நடும் பெண் முன்னால் போய் யாராவது கேமராவை நீட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? பேசிப் பழகுங்கள், மறுநாள் அவர்களே நிற்பார்கள். பூசை அறைக்குள், மடாலயக் கூடத்துக்குள் கேமராவை எடுக்கவே வேண்டாம். ட்ரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் விதிகளைக் கேட்காமல் வேண்டாம். இறந்தவர் உடலைக் கழுகுகளுக்கு இடும் வான்வழி அடக்கத்தைப் பார்க்க அழைத்துப்போகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அது ஒரு குடும்பத்தின் துக்கம்.

தலாய் லாமாவைப் பற்றிப் பேசலாமா?

வேண்டாம். அவருடைய படமோ, படம் உள்ள புத்தகமோ கொண்டுபோவதும் கூடாது. கைப்பேசியிலும் வேண்டாம். உங்களுக்குப் பெரும்பாலும் விசாவோடு போகும். உங்களோடு பேசிய வீட்டாருக்கு அப்படி முடியாது. அவர்களாக ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், பெயரோடு எங்கும் எழுதாதீர்கள்.

பணம், கைப்பேசி?

சீனாவில் பணம் செலுத்தப் பயன்படும் அலிபே, வீசாட் செயலிகளில் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வெளிநாட்டு வங்கி அட்டைகளை இணைக்கலாம். ஊரிலேயே இணைத்துச் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். நம் யுபிஐ அங்கே உதவாது. கிராமத்தில் சமிக்ஞை போகும் நேரத்துக்காகக் கொஞ்சம் யுவான் தாள்களும் வேண்டும். கூகுள், வாட்ஸப் சீன இணையத்தில் திறக்காது. உங்கள் ஊர் சிம்மின் ரோமிங்கோ வெளிநாட்டு இ-சிம்மோ இருந்தால் பெரும்பாலும் திறக்கும்.

குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகலாமா?

டான்பா மட்டும் என்றால் தாராளமாக. மூட்டுவலி உள்ளவர்களுக்கு வண்டி வாசல்வரை வரும் வீடாகப் பாருங்கள், கீழ்த்தள அறை கேளுங்கள். வளைவுச் சாலையில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு எலுமிச்சை, மாத்திரை எல்லாம் தயாராக இருக்கட்டும். கழிப்பறை இப்போது பெரும்பாலான ஹோம்ஸ்டேக்களில் அறையோடு சேர்ந்தே இருக்கிறது.

இன்னும் ஒரு வாரம் இருந்தால் எங்கே போகலாம்?

கியாரோங் வீடுகள் பிடித்துவிட்டால் வடக்கே பார்காம் பக்கம் சோக்சி. மலைத்தலைவரின் கற்கோட்டையும் எதிரே பழைய கிராமமும் இருக்கின்றன. மேய்ச்சல் வாழ்க்கையைப் பார்க்க தாகோங்.

நடக்கத் தயாராக இருப்பவர்களுக்கு என் பரிந்துரை யுபெங். அது யுன்னான் மாநிலத்தின் தேசென் மாவட்டத்தில், 6,740 மீட்டர் உயரக் காவாகெபோ மலையின் மடியில், 3,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கிராமம். காவாகெபோ உச்சியில் இதுவரை யாரும் கால்வைத்ததில்லை. 1991 ஜனவரியில் சீன, ஜப்பானியக் கூட்டுக் குழுவினர் 17 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். தங்கள் தெய்வத்தின் தலையில் ஏறாதீர்கள் என்று ஊரார் முதலிலிருந்தே சொல்லிவந்தார்கள். பின்னர் ஏறுவதற்கே தடை வந்தது. நீங்கள் நடக்கப்போவது யாத்ரீகர் பாதை. கணவாய் ஒன்றைக் கடந்து அரைநாள் நடை. ஊரிலிருந்து புனித அருவிக்குப் போகும் வழியெங்கும் கொடிகள் கட்டியிருக்கும்.

சீன விசா கிடைக்கவில்லை. இந்தியாவிலேயே இப்படி ஏதாவது?

இமாசலத்தின் ஸ்பிதி. கிப்பர், லாங்சா, கோமிக், டாங்கர் ஆகிய ஊர்களில் திபெத்திய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த பேச்சு, தட்டைக்கூரை மண்வீடுகள், பழைய மடாலயங்கள். இந்தியருக்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை. ஆனால் டான்பாவில் கிடைக்கும் உயரச் சலுகை இங்கே இல்லை. லாங்சாவும் கோமிக்கும் 4,400 மீட்டரை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கின்றன. மணாலியிலிருந்து ஒரே நாளில் ஸ்பிதியின் காசா ஊருக்குப் போய், மறுநாளே அங்கே ஏறுவது தலைவலியை விலைக்கு வாங்குவது. சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக மெல்ல ஏறுங்கள்.

தங்கும் வீட்டுக்கு என்ன கொண்டுபோகலாம்?

பிள்ளைகளுக்கு வழியில் மிட்டாயும் காசும் விநியோகிக்காதீர்கள். கையேந்தும் பழக்கம் அப்படித்தான் தொடங்குகிறது. வீட்டாருக்கு ஊரிலிருந்து நல்ல தேயிலை, ஏலக்காய், முந்திரி கொண்டுபோகலாம். கிளம்பும்போது வாடகையைக் குறைத்துப் பேசாதீர்கள். அவர்கள் காயவைத்த வாதுமைக்கொட்டை, சிச்சுவான் மிளகு, ஆப்பிள் ஆகியவற்றைச் சாலையோரக் கடையில் வாங்குவதற்குப் பதிலாக அந்த வீட்டிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்த குடும்பப் படத்தை அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள். வீசாட்டில் அரை நிமிட வேலை.